இராமநாதபுரம் முண்டு மிளகாய்: பெயரும் விலையும்

இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் பயிரிடப்படும் உருண்டை வடிவ மிளகாய் வகையாகும். இது குண்டு மிளகாய் எனவும் அழைக்கப்படுகிறது. 2023 பெப்ரவரியில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஊர்ப்பெயரால் விலை பெறும் பொருள்களுக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது பிரான்சின் ஷாம்பெயின் ஆகும். பிற நுரைக்கும் திராட்சை மதுக்களை விடப் பன்மடங்கு விலை பெறும் ஷாம்பெயின் அவ்விலைக்குத் தகுமா என்ற கேள்வி நெடுங்காலமாகக் கேட்கப்படுகிறது. அதே கேள்வியை முண்டு மிளகாயை முன்னிட்டு எழுப்பி, ஒரு பெயர் எவ்வாறு விலையாக மாறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் பயிரும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதன் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, பரமக்குடி, நயினார்கோவில், இராஜசிங்கமங்கலம், திருவாடானை ஆகிய வட்டாரங்களில் முண்டு மிளகாய் பெரும்பாலும் மானாவாரிப் பயிராகவே விளைகிறது. மழையை எதிர்பார்த்து செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைப்பு நடைபெறும். பழங்கள் பெப்ரவரி முதல் மே வரை பலமுறை பறிக்கப்பட்டுக் களத்தில் வெயிலில் உலர்த்தப்படும். உழவர்கள் பலர் முந்தைய ஆண்டின் நல்ல வற்றலிலிருந்து விதையைத் தாமே எடுத்து வைக்கின்றனர். இதனால் இவ்வட்டாரத்தின் வறட்சிக்கும் கடலோர உவர் மண்ணுக்கும் பழகிய பயிராக இது நிலைத்துள்ளது.

இவ்வகைச் சாகுபடியின் விலை குறைந்த விளைச்சலாகும். பாசனமும் வீரிய விதையும் கொண்டு ஆந்திரத்தில் ஓர் எக்டேரில் கிடைக்கும் வற்றலின் அளவை மானாவாரி முண்டு எட்டுவதில்லை. மேலும், பருவம் தப்பிய கோடை மழை களத்தில் காயும் பழத்தை நனைத்தால் வற்றல் நிறம் வெளுத்து, விலை பெரிதும் வீழ்ந்துவிடும்.

பிற மிளகாய்களுடன் ஒப்பீடு

வணிகத்தில் மிளகாய் வற்றலின் தரம் பெரும்பாலும் இரு அளவுகளால் கணிக்கப்படுகிறது. ஒன்று காரத்தைத் தரும் கேப்சைசினின் விழுக்காடு. மற்றொன்று ஆஸ்டா அலகில் கூறப்படும் நிற மதிப்பு. இந்திய நறுமணப் பொருள்கள் வாரியம் வெளியிட்டுள்ள வகைப் பட்டியலின்படி, முண்டு மிளகாயின் கேப்சைசின் ஏறத்தாழ 0.17 விழுக்காடு, நிற மதிப்பு ஏறத்தாழ 33. குண்டூர் சன்னம் மிளகாயின் நிற மதிப்பும் ஏறத்தாழ இதே அளவு. ஆனால் காரம் சற்றுக் கூடுதல், ஏறத்தாழ 0.23 விழுக்காடு. கர்நாடகத்தின் பியாடகி மிளகாயில் காரம் மிகக் குறைவு. நிற மதிப்போ ஏறத்தாழ 160 ஆகும்.

ஆகவே காரம் வேண்டுவோருக்குக் குண்டூரும், நிறம் வேண்டுவோருக்குப் பியாடகியும் முண்டை விட ஏற்றவை. ஆய்வகம் அளக்கும் இவ்விரு பண்புகளிலும் முண்டு முதலிடம் பெறுவதில்லை. எனினும் உள்ளூர்ச் சந்தையில், அதே மாவட்டத்தில் விளையும் நீளமான சம்பா வற்றலை விட முண்டு பல பருவங்களில் உயர்ந்த விலை பெற்று வந்துள்ளது. இதற்குக் காரணம் சமையலறையில் உள்ளது. தாளிதத்தில் முழுதாகப் போடுவதற்கும், சாம்பார், இரசம், துவையல் முதலியவற்றுக்கும் மிதமான காரமும் தனிச்சுவையும் கொண்ட உருண்டை வற்றலைத் தென்தமிழகத்தார் விரும்புகின்றனர். பட்டியலில் இடம்பெறாத இச்சுவையே முண்டின் விலைக்கு அடிப்படை எனலாம்.

ஷாம்பெயின்: விலையின் கூறுகள்

ஷாம்பெயினின் விலையை மூன்று கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, செய்முறை. ஷாம்பெயினில் இரண்டாம் நொதித்தல் புட்டிக்குள்ளேயே நடைபெறுகிறது. சாதாரண வகை குறைந்தது 15 மாதங்கள் புட்டியில் முதிர வேண்டும். அவற்றுள் 12 மாதங்கள் ஈஸ்ட் படிவின் மீது இருத்தல் வேண்டும். பிரான்சின் பிற பகுதிகளில் உருவாகும் கிரேமான், ஸ்பெயினின் காவா ஆகியனவும் இதே முறையில் செய்யப்படுபவையே. அவற்றுக்குப் படிவின் மீதான குறைந்தபட்சக் காலம் 9 மாதங்கள். இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் பெரிய கலங்களில் நொதிக்கவைக்கப்படுவதால் சில வாரங்களில் தயாராகிவிடும். எனவே புரொசெக்கோவை விட ஷாம்பெயின் விலை கூடுவதற்குச் செய்முறை ஒரு நேரான காரணம். கிரேமானோடும் காவாவோடும் ஒப்பிட்டால் அக்காரணம் பெரிதும் வலுவிழக்கிறது.

இரண்டாவது, நிலம். ஷாம்பெயின் வட்டாரம் ஏறத்தாழ 34,000 எக்டேர் திராட்சைத் தோட்டங்களைக் கொண்டது. எல்லை சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளமையால் அதனை எளிதில் விரிக்க இயலாது. ஒரு புட்டிக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம் திராட்சை தேவை. அங்கு ஒரு கிலோகிராம் திராட்சை 6 யூரோவுக்கு மேல் விற்கிறது. அதாவது ஒரு புட்டிக்கான பழம் மட்டுமே 7 யூரோவைத் தாண்டுகிறது. அதே தொகைக்கு ஐரோப்பியக் கடைகளில் ஒரு முழுப் புட்டி காவாவே கிடைக்கும்.

மூன்றாவது, பெயர். 1911இல் வெளியூர்த் திராட்சையைக் கலந்து ஷாம்பெயின் என விற்ற வணிகர்களுக்கு எதிராக அவ்வட்டார உழவர்கள் கலகம் செய்தனர். 1927இல் எல்லை சட்டமாக்கப்பட்டது. 1936இல் கட்டுப்படுத்தப்பட்ட தோற்றப்பெயர் என்ற தகுதி கிடைத்தது. 1941இல் உழவரும் மது நிறுவனங்களும் இணைந்த வட்டாரக் குழு அமைக்கப்பட்டது. விதிமுறைகளைக் கண்காணிப்பதும் உலகெங்கும் பெயரின் தவறான பயன்பாட்டை எதிர்த்து வழக்காடுவதும் இக்குழுவின் பணிகளுள் அடங்கும். இன்று ஷாம்பெயின் இந்தியாவிலும் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றுள்ளது.

குருடுச் சுவைத்தேர்வுகளில் விலை குறைந்த நுரைமதுக்கள் ஷாம்பெயினை முந்துவது அரிதன்று. அங்ஙனமாயின் வாங்குபவர் தரும் கூடுதல் பணம் சுவைக்கு மட்டுமானதன்று. புட்டியில் எழுதப்பட்ட ஊரிலேயே அது உருவானது என்ற உறுதிக்கும் அவர் பணம் தருகிறார். விருந்துக்கும் கொண்டாட்டத்திற்கும் அப்பெயர் சேர்க்கும் மதிப்பும் அதில் அடங்கும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

இந்தியாவில் பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் உள்ளது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். பொருளுக்குக் குறியீடு கிடைத்தவுடன் அவ்வட்டார உழவர் அனைவரும் அதனைப் பயன்படுத்தும் உரிமையைத் தாமாகப் பெற்றுவிடுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனராக ஒவ்வொருவரும் தனியே பதிவு செய்தல் வேண்டும்.

உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாட்டில் வைனுக்கும் பிற மதுபானங்களுக்கும் தனிச்சலுகை உண்டு. உண்மையான ஊர் எதுவெனக் குறிப்பிட்டிருந்தாலும், "ஷாம்பெயின் பாணி" என்று எழுதுவதைக்கூட அவ்வுடன்பாட்டின் 23ஆம் விதி தடுக்கிறது. மிளகாய், தேயிலை, அரிசி முதலியவற்றுக்கு 22ஆம் விதியின் பொதுப் பாதுகாப்பே உண்டு. அதாவது மக்கள் ஏமாறும்படி பெயர் பயன்படுத்தப்பட்டது என்பதை நிறுவ வேண்டும். இவ்வேறுபாட்டை நீக்குமாறு இந்தியா உள்ளிட்ட நாடுகள் கோரி வந்துள்ளன.

முண்டு மிளகாய்க்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. முண்டு என்பது வடிவத்தைக் குறிக்கும் சொல், ஊரைக் குறிப்பதன்று. ஆந்திரத்தின் சில பகுதிகளிலும் முண்டு வகை பயிராகிறது. ஏறத்தாழ இதே சிக்கலை இத்தாலியர் 2009இல் எதிர்கொண்டனர். அதுவரை புரொசெக்கோ என்பது ஒரு திராட்சை வகையின் பெயராகவும் இருந்தது. வேறு எந்நாட்டினரும் அத்திராட்சையை வளர்த்து அப்பெயரில் விற்க இயலும் என்ற நிலையில், திராட்சையின் பெயரைக் கிளேரா என மாற்றி, திரியெஸ்தே அருகிலுள்ள புரொசெக்கோ என்ற ஊரோடு மதுவின் பெயரைப் பிணைத்தனர். இங்கும் பொருளின் மதிப்பு "முண்டு" என்ற சொல்லில் இல்லை. "இராமநாதபுரம்" என்ற சொல்லிலேயே உள்ளது. ஆனால் கடையில் வாங்குபவர் கேட்பது பெரும்பாலும் "குண்டு மிளகாய்" என்றே.

விலையை முடிவு செய்வது யார்?

ஷாம்பெயினுக்கும் முண்டுக்கும் இடையேயுள்ள பெரிய வேறுபாடு அளவைக் கட்டுப்படுத்தும் ஆற்றலாகும். 2022இல் ஏறத்தாழ 32.6 கோடிப் புட்டி ஷாம்பெயின் விற்பனைக்குச் சென்றது. 2024இல் அது ஏறத்தாழ 27.1 கோடியாகக் குறைந்தது. புகழ்பெற்ற பெயரும் விற்பனைச் சரிவிலிருந்து தப்பவில்லை. ஆனால் வட்டாரக் குழு, எக்டேருக்கு அனுமதிக்கப்படும் அறுவடையை 2023இன் 11,400 கிலோகிராமிலிருந்து 2024இல் 10,000 ஆகவும், 2025இல் 9,000 ஆகவும் குறைத்தது. தேவை குறையும்போது வரத்தையும் குறைத்து விலையைத் தாங்க அவர்களால் இயலுகிறது.

இராமநாதபுரத்தில் வரத்தை மழையும், விலையைப் பெருமளவு குண்டூர்ச் சந்தையும் முடிவு செய்கின்றன. 2025 தொடக்கத்தில் மிளகாய் விலை வீழ்ந்தபோது, நடுவண் அரசு ஆந்திர மிளகாய்க்குச் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என விலை அறிவித்தது. குண்டூரில் விலை சரியும்போது, அரைவை ஆலைகளுக்கு மலிவான மாற்று கிடைத்துவிடுவதால் பிற ஊர் வற்றல்களின் விலையும் அழுத்தத்துக்கு உள்ளாகிறது. அப்போது கடனுக்கு வட்டி கட்டும் சிறு உழவர், வற்றலை இருப்பு வைத்துக் காத்திருக்க இயலாமல் வந்த விலைக்கு விற்க நேரிடுகிறது. எட்டிவயலிலுள்ள மிளகாய் வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இந்நெருக்கடியை ஓரளவு தணிக்கக்கூடியவை. தமிழ்நாடு அரசின் 2023–24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் இராமநாதபுரம் உள்ளிட்ட தென்மாவட்டங்களுக்கு மிளகாய் மண்டலம் அறிவிக்கப்பட்டது.

கூடுதல் விலை தகுமா?

இக்கேள்விக்கான விடை வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்தது. ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். முண்டு வற்றல் பிற வற்றலை விடக் கிலோகிராமுக்கு 100 ரூபாய் கூடுதல் எனக் கொள்வோம். ஒரு நாள் தாளிதத்துக்கு 5 கிராம் பயன்படுத்தும் வீட்டுக்கு இதனால் ஏற்படும் கூடுதல் செலவு 50 காசு மட்டுமே. அதே வேறுபாடு தூள் அரைக்கும் ஆலைக்கு டன்னுக்கு ஒரு இலட்சம் ரூபாயாகும். மேலும் அரைத்த பின்னர் உருண்டை வடிவம் மறைந்துவிடும். மிஞ்சும் காரத்தையும் நிறத்தையும் ஆலை வேறு வகைகளிலிருந்து மலிவாகப் பெறலாம்.

எனவே தூளுக்கு முண்டின் கூடுதல் விலை பெரும்பாலும் தகாது. முழு வற்றலாகச் சமைப்போருக்குத் தகும். பழச்சாற்றோடு கலந்து அருந்தப்படும் பானத்துக்கு ஷாம்பெயினைச் செலவிடுவது வீண் என்று கூறப்படுவதும் இதனை ஒத்ததே.

இங்குதான் முரண் எழுகிறது. கூடுதல் விலையை எளிதில் தரக்கூடியவர் இல்லத்தார். அவர்களிடம் செல்லும் வற்றலோ பெரும்பாலும் சாக்குகளில் வந்து, மண்டியில் கலந்து, ஊர்ப்பெயர் ஏதுமின்றிச் சில்லறையாக நிறுக்கப்படுகிறது. எந்தச் சாக்கு முதுகுளத்தூரில் விளைந்தது, எது வேறு மாநிலத்திலிருந்து வந்தது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. அறிய இயலாத ஒன்றுக்கு எவரும் பணம் தரமாட்டார். வடிவத்துக்கும் நிறத்துக்கும் கிடைக்கும் விலை இன்று உழவரை எட்டுகிறது. ஊருக்கு உரிய விலை எட்டுவதில்லை.

புவிசார் குறியீடு விலையைத் தருவதன்று; விலை கேட்கும் உரிமையைத் தருவதாகும். அவ்வுரிமை பயன்பட மூன்று செயல்கள் தேவை. உழவர்கள் பெருமளவில் அங்கீகரிக்கப்பட்ட பயனர்களாகப் பதிவு பெறுதல், வெளுத்த வற்றலைப் பிரித்துத் தரம் வகுத்தல், குறியீட்டு முத்திரையுடன் சிறு பொதிகளில் இல்லங்களுக்கு விற்றல் ஆகியன அவை. ஷாம்பெயின் உழவர்களுக்கு 1911இன் கலகத்திலிருந்து 1941இல் வட்டாரக் குழு அமையும் வரை 30 ஆண்டுகள் பிடித்தன. அவர்களுக்கு விலையைத் தேடித்தந்தது மதுவின் நுரை மட்டுமன்று. பெயரைக் காவல் காத்த அமைப்பும் ஆகும். முண்டு மிளகாய்க்கு நிலமும் சுவையும் முன்பே உள்ளன. பெயர் 2023இல் பதிவாகியது. காவல் அமைப்பே இனி உருவாக வேண்டியதாகும்.