பழைய அம்பாசிடரில் கியர் சத்தம்

அப்பா காலத்து அம்பாசிடர் கார் முதல் கியரில் ஊளையிடுகிறதாம். கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறாராம் மெக்கானிக். இரண்டு ஆடுகளை விற்றுச் செய்யலாமா என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

ஆடுகள் கொட்டிலிலேயே இருக்கட்டும். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த அந்தப் பழைய நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நேர்ப்பல் சக்கரங்கள்தான். அவை புதிதாக இருந்தபோதும் ஊளையிட்டவையே.

கவனிக்க வேண்டியது வேறு சத்தங்களை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட வேண்டும். கிளட்சை மிதித்ததும் இரைச்சல் அடங்கினால் கியர்பாக்ஸ் முன் பேரிங்கோ லே ஷாப்டோ தேய்ந்திருக்கும். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஓடும்போது இரண்டு, மூன்றில் இரைந்து டாப்பில் குறைந்தால் சந்தேகம் மீண்டும் லே ஷாப்ட் மேல்தான். டாப்பில் விசை அதன் வழியாகப் போவதில்லை. எல்லாக் கியரிலும், நியூட்ரலில் உருளும்போதும் ஒரே இரைச்சலா? பின் அச்சின் கிரவுன், பினியனைப் பார்க்கச் சொல்லவும். வண்டி புறப்படும்போது 'டக்'கென்று ஓர் அடி விழுந்தால் பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாப்ட் கிராஸ். அதை மாற்றக் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பு கியர் ஆயில் அளவு. குறைந்திருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சரிசெய்து நிரப்ப வேண்டும். பழைய ஆயிலை இறக்கும்போது வெள்ளைத் துணியில் வடிகட்டலாம். மினுமினுக்கும் நுண்பொடி தேய்மானம். பல் துண்டு கிடைத்தால் வண்டியை ஓட்டக்கூடாது. அப்போது பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும்.