நிலக்கரி கம்பெனிக்கு, கடன் ஊருக்கா?

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைதோவில் யூபாரி என்றொரு சுரங்க நகரம். 2007-ல் அந்த நகரசபை திவாலாயிற்று. "வரவறியாமல் செலவழித்தார்கள், அழிந்தார்கள்" என்று ஊர் மக்கள் மீதே பழிபோடும் பண்டிதர்கள் உண்டு. நாம் கேட்கிறோம்: அந்த ஊரைக் கடனில் தள்ளியது யார்?

கணக்கைப் பார்ப்போம்.

1888-ல் அங்கே நிலக்கரி கண்டார்கள். 1890-ல் சுரங்கம் திறந்தார்கள். 1892-ல் கரியை அள்ளிப்போக ரயில் வந்தது. யுத்த காலத்தில் கொரியத் தொழிலாளரைப் பலவந்தமாகக் கொண்டுவந்து குழியில் இறக்கினார்கள். 1960-ல் மக்கள் தொகை சுமார் 1,17,000. குடியிருக்க கம்பெனி வீடு. நோய்க்கு கம்பெனி ஆஸ்பத்திரி. குடிக்கவும் கம்பெனித் தண்ணீர்!

பிறகு மலிவான எண்ணெய் வந்தது. சர்க்காரின் கொள்கை மாறியது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சிய சுரங்கம் மேலும் ஆழத்துக்குப் போயிற்று. 1981 அக்டோபர் 16-ல் புதிய யூபாரிச் சுரங்கத்தில் வாயு பீறிட்டுத் தீப்பிடித்தது. ஒரு வாரம் கழித்து, 59 பேர் உள்ளே இருக்கும்போதே, தீயை அணைக்கத் தண்ணீரைத் திறந்து விட்டார்கள். மொத்தம் 93 தொழிலாளர் மாண்டனர். மறு ஆண்டு அந்தச் சுரங்கமும் மூடியது. 1990-ல் கடைசிச் சுரங்கமும் மூடியது.

கம்பெனிகள் போயின. வீடுகளும் ஆஸ்பத்திரியும் தண்ணீர்க் குழாயும் நகரசபையின் தலையில் விழுந்தன. அவற்றை வாங்கவே கடன்!

"சுரங்கத்திலிருந்து சுற்றுலாவுக்கு" என்று கோஷம் எழுப்பினார்கள். கரி மியூசியம், கேளிக்கைப் பூங்கா, ஹோட்டல், பனிச்சறுக்கு மைதானம் என்று எல்லாவற்றுக்கும் கடன். சுரங்கப் பகுதிகளுக்கான விசேஷ உதவிச் சட்டம் 2001-ல் காலாவதியாயிற்று. நகரசபை பற்றாக்குறையை மறைத்தது. அது குற்றமே, நாம் அதை மூடி மறைக்கவில்லை. ஆனால் தண்டனை யாருக்கு?

சுமார் 3,530 கோடி யென்னை 18 ஆண்டுகளில் அடைக்க வேண்டும் என்பது 2007-ன் திட்டம். வரி ஏறியது. நகரசபை ஊழியர் சம்பளம் வெட்டுப்பட்டது. 171 படுக்கை ஆஸ்பத்திரி 19 படுக்கையாகச் சுருங்கியது. தொடக்கப் பள்ளிகள் ஒன்றாக அடங்கின. 2019-ல் ரயிலும் நின்றது. 2020-ல் மிஞ்சிய மக்கள் சுமார் 7,300. கரி தோண்டிய கிழவர்கள் வரி கட்டுகிறார்கள். கரி விற்றவன் எங்கே?

அந்த ஊரில் நிலைத்து நின்றது எது? 1960-ஐ ஒட்டி விவசாயிகள் சங்கமாகக் கூடி வளர்த்த முலாம்பழம்! 2019 ஏலத்தில் ஒரு ஜோடிப் பழம் 50 லட்சம் யென்னுக்குப் போயிற்று. அது விளம்பர விலைதான். ஆனால் பழத்தின் பெயர் மெய்யான உழைப்பின் பெயர். 1990-ல் நகரசபை தொடங்கிய திரைப்பட விழாவுக்குத் திவாலுக்குப் பின் பணம் நின்றது. ஊர் மக்களே 2008-ல் அதைத் திரும்ப எடுத்து நடத்தினார்கள். ஊரைத் தாங்கியவை உழைக்கும் கைகளே!

சுரங்கமானாலும் ஆலையானாலும் நியாயம் ஒன்றே. மூடும் நாளின் செலவைத் திறக்கும் நாளிலேயே முதலாளி கட்டி வைக்க வேண்டும். தொழிலாளியின் வீடும் வைத்தியமும் மறு வேலையும் அந்தக் கணக்கில் முதல் வரியாக இருக்க வேண்டும். லாபத்தை அள்ளியவன் கடனையும் சுமக்கட்டும்!