பகல் சாப்பாடு எங்க?

கருத்தரங்கோ, சங்கக் கூட்டமோ, பெட்ச் சந்திப்போ, எது நடந்தாலும் காலை பத்து மணிக்கே வட்ஸ்அப் குழுவில அந்தக் கேள்வி வந்துடும்: "பகல் சாப்பாடு எங்க?" கேள்வி ஒரு வரிதான். பதில் வர ஒரு மணித்தியாலம் போகும்.

கொழும்புக்காரர் கடை தெரிவு செய்யிற விதம் வேற. ஏசி இருக்கா, வாகனம் விட இடம் இருக்கா, விருந்தாளிக்கு மரியாதையா இருக்குமா எண்டு பார்ப்பாங்க. எங்கட கரையோரத்துக்கு அந்தக் கணக்குப் போதாது. காரைதீவுச் சந்தியில நிண்டா வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, தெற்கே நிந்தவூர், மேற்கே போற அம்பாறை றோட்டில சம்மாந்துறை. கொஞ்சத் தூரத்துக்குள்ளேயே ஊரும் மாறும், கடையும் மாறும். ஆறு பேர் ஒரு மேசையில இருந்தா, ஒருத்தர் மாட்டிறைச்சிக் கறிக்குப் போட்ட அகப்பை தன்ர கறியில படக்கூடாது எண்டுவார். இன்னொருத்தர் எங்க அறுத்த கோழி எண்டு தெரியாம தொடமாட்டார். மூணாவது ஆளுக்கு அண்டைக்கு விரதம்.

எங்கட குழுவில ரெண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிறம். இவ்வளவு நாளும் நாங்க செய்தது என்ன? ஒண்டு, "நீங்க அங்க சாப்பிட்டுட்டு வாங்க, நாங்க இங்க சாப்பிடுறம்" எண்டு பிரிஞ்சு போறது. இல்லாட்டி ஆளுக்கொரு பார்சல் எடுத்து மூலைக்கொரு பக்கமா இருந்து சாப்பிடுறது. சண்டை வராது, உண்மைதான். ஆனா கூட்டத்தில பேசாத விசயம் எல்லாம் சோத்து மேசையிலதான் பேசப்படும். வேலை பற்றின தகவல், ஆர்ட்ஸ் படிச்சவங்களுக்கு எங்க இடம் இருக்கு எண்ட கதை, வீட்டுக் கஷ்டம், எல்லாம் அங்கதான். பிரிஞ்சு சாப்பிட்டா அந்தக் கதையும் பிரிஞ்சுதான் நடக்கும்.

"சாப்பாட்டுக்குள்ள எதுக்கு அரசியல்?" எண்டு கேட்பீங்க. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவை நினைச்சுப் பாருங்க. அம்பாறை நகரத்தில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலட்டுத்தன்மை வரப்பண்ணுற மாத்திரை எண்டு ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்டார். கடையில நிண்டவருக்குச் சிங்களம் சரியா விளங்கல்ல. அவர் தலையாட்டின வீடியோ பேஸ்புக்கில பரவிச்சு. கடை உடைஞ்சுது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டுது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பார்த்தா அது மாக்கட்டி. அப்படி நிரந்தர மலடாக்கிற மாத்திரையே உலகத்தில இல்லையெண்டு உலக சுகாதார நிறுவனமும் சொல்லிச்சு. அதுக்குள்ள திகனயும் எரிஞ்சு, நாட்டில அவசரகாலநிலையும் வந்துட்டுது. அந்த வன்முறையில தங்கட தளத்துக்கு இருந்த பங்குக்கு பேஸ்புக் நிறுவனம் 2020இலதான் வருத்தம் தெரிவிச்சது.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு "அவங்கட கடையில சாப்பிடாதீங்க" எண்ட செய்திகள் எங்கட போனுக்கும் வந்துது. எங்களில சிலர் அதை அழிக்கல்ல, அடுத்த ஆளுக்கு அனுப்பினம். இதை ஒளிக்காம சொல்லத்தான் வேணும். மாதக் கணக்கா ஒரு கடைக்குள்ள கால் வைக்காத ஆளுக்குத்தான் அந்தக் கடையைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பத் தோணும். கிழமைக்கு ஒருக்கா அங்க இருந்து சாப்பிடுற ஆள் "சும்மா இரு மச்சான், எனக்கு அந்தக் கடைக்காரரைத் தெரியும்" எண்டு சொல்லுவான். வதந்திக்கு இதைவிட நல்ல மருந்து எங்களுக்குத் தெரியாது.

அதால எங்கட கருத்து இதுதான்: மேசையில ஆருக்குக் கட்டுப்பாடு கூடவோ, அவரை வைச்சுத்தான் கடையைத் தெரிவு செய்யவேணும். அது ஒண்டும் கஷ்டமில்ல. சைவக் கடையில எல்லாரும் சாப்பிடலாம். மீன் சாப்பிடுற ஆட்கள் எண்டா இன்னும் சுகம், கடல் பக்கத்திலதானே இருக்கு. மீனுக்கு அறுக்கிற முறை பற்றின நிபந்தனை இல்ல. இலங்கை முஸ்லிம்களில பெரும்பாலானோர் பின்பற்றுற ஷாஃபி மத்ஹபில இறாலும் கணவாயும்கூட ஆகும். மீனுக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை இருக்கா எண்டு முதல்லயே கேட்டா சரி. கேட்கிறதில வெட்கம் இல்ல, கடைக்காரரும் கோவிக்க மாட்டார்.

நாளையும் பார்க்கவேணும். வெள்ளிக்கிழமை பகல் கூட்டம் வைக்காதீங்க: ஒரு பக்கம் ஜும்ஆ, மறுபக்கம் விரதம். நோன்பு மாசத்தில பகல் சாப்பாட்டுக்குப் பதிலா இஃப்தாருக்குச் சேருவம். வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நாட்களில காரைதீவாரை மீன் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தாதீங்க.

இன்னொண்டு. எப்பவும் ஒரே ஊர்க் கடைக்குப் போகாதீங்க. இந்த முறை காரைதீவு எண்டா அடுத்த முறை நிந்தவூர், அதுக்கடுத்தது கல்முனை. காசு ஒரு பக்கம் மட்டும் போகாது, முகம் பழக்கமும் ஒரு பக்கம் மட்டும் இருக்காது.

எங்கட அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. குழுவில கேள்வி வரமுதல் நாங்களே எழுதிட்டம்: "ஆருக்கு என்ன ஆகாது, இண்டைக்கே சொல்லுங்க." ஆறு பதில் பத்து நிமிசத்தில வந்துட்டுது.