வாரம் ஒரு வார்த்தை: பழநி முருகன் கோபத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

இந்த வாரச் சொல் 'ரிஸென்ட்ஃபுலி'. நடுவில் வரும் 'ஸென்ட்'டை அழுத்திச் சொல்லுங்கள். அகராதியில் 'கோபத்துடன்', 'வெறுப்புடன்' என்று இருக்கும். இரண்டும் பாதி அர்த்தம்தான். மீதிப் பாதிக்கு நாம் பழநிக்குப் போக வேண்டும்.

ஞானப்பழக் கதை எல்லோருக்கும் தெரியும். உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்றார்கள். முருகன் மயிலேறி நிஜமாகவே சுற்றிவிட்டு வந்தார். அதற்குள் பிள்ளையார் அப்பா, அம்மாவைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிவிட்டார். முருகன் கோபித்துக்கொண்டு பழநிக்கு வந்துவிட்டார்.

இங்கே 'ஆங்ரிலி' போதாது. அது வந்த வேகத்தில் போய்விடுகிற கோபமாகவும் இருக்கலாம். 'ஜெலஸ்லி' என்றால் வெறும் பொறாமை. 'சொன்னபடி செய்தேன், ஆனாலும் எனக்குக் கிடைக்கவில்லையே' என்ற மனத்தாங்கல் இருக்கிறதே, அதுதான் ரிஸென்ட்ஃபுலி. எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'ரிஸென்ட்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். 'ஆழமாக உணர்வது' என்பதுதான் பழைய பொருள். 17-ம் நூற்றாண்டு இங்கிலீஷில் நன்றியை உணர்வதற்குக்கூட இதைப் பயன்படுத்தினார்கள். போகப்போக மனக்குறை மட்டும் மிஞ்சியது.

இதோடு பலரும் குழப்பிக்கொள்ளும் சொல் 'கிரட்ஜிங்லி'. அதற்கு 'வேண்டாவெறுப்பாக' என்று பொருள். மனமில்லாமல் ஒன்றைக் கொடுத்தால், ஒப்புக்கொண்டால் கிரட்ஜிங்லி. தனக்குச் சேர வேண்டியது கிடைக்கவில்லை என்று குமுறினால் ரிஸென்ட்ஃபுலி.

கதையை விட்டு நிஜத்துக்கு வருவோம். பழநியிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் கொடைக்கானல். அங்கே ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001-ல் அது மூடப்பட்டது. உடல்நலம் கெட்டுவிட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வேலையால் பாதிப்பு இல்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்போடு உடன்பாடு வந்தது.

அந்தக் குடும்பங்களில் ஒருவர் அந்த 15 வருடங்களைப் பற்றிக் குமுறலோடு பேசினால், செய்தியில் 'ஆங்ரிலி' என்று எழுதலாமா? எழுதினால், படிப்பவருக்கு அவர் சத்தம் போட்டது மட்டும்தான் தெரியும். ரிஸென்ட்ஃபுலி என்றால், அவருக்கு ஒரு நியாயம் பாக்கி இருக்கிறது என்பதும் சேர்ந்து தெரியும்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. கொடைக்கானல் பஸ். பாதி வழிவரை உனக்கு, மீதி வழி தம்பிக்கு என்று சொல்லித்தான் அக்காவுக்கு ஜன்னல் சீட் கொடுத்தார் அம்மா. பாதி வழி வந்ததும் அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுந்து இடம் விடுகிறாள். அவளுக்கு எந்தச் சொல்? எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள், தம்பி அவளை முறைக்கிறான் என்றால், அவனுக்கு எந்தச் சொல்? விடை அடுத்த வாரம்!