ஒரே தட்டில் சாப்பாடு!

நான்கு பேர் ஓட்டலுக்குப் போகிறார்கள். மேஜை முன் உட்காருகிறார்கள். சாப்பாடு வருகிறது. ஆனால், வருவது ஒரே ஒரு தட்டு!

"மற்ற மூன்று தட்டு எங்கே?" என்று கேட்டால், பரிமாறுகிறவர் சிரிப்பார். நான்கு பேருக்கும் அந்த ஒரு தட்டுதான். எத்தியோப்பிய ஓட்டலில் அதுவே வழக்கம்.

எத்தியோப்பியா, ஆப்பிரிக்காவின் கிழக்கே உள்ள நாடு. அபிசீனியா என்பது பழைய பெயர். 1941-க்குப் பிறகு, அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்த இந்திய ஆசிரியர்கள் ஏராளமாகப் போனார்கள். 2000-க்குப் பிறகு அங்கே புதிய பல்கலைக்கழகங்கள் பல தோன்றின. தமிழ்நாட்டுப் பேராசிரியர்களும் வேலைக்குச் சென்றார்கள். போனவர்களுக்கு இந்த ஒற்றைத் தட்டு புதுமைதான்.

கசகசா அளவு தானியம்

ஆனால் தட்டில் இருக்கும் பண்டம் நமக்குப் புதிது அல்ல. காஞ்சீபுரம் மாவட்டம், உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கத்தில் ஒரு குடும்பத் தலைவியிடம் அதைக் காட்டினால், "அட, ஆப்பம் மாதிரி இருக்கிறதே!" என்பார்.

அதன் பெயர் இஞ்சரா. டெஃப் என்ற சிறுதானியத்தில் செய்வது. ஒரு மணி கசகசா அளவுதான் இருக்கும். மாவைக் கரைத்து, முன்பு புளித்த மாவின் நீரைக் கொஞ்சம் விட்டு, இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். பிறகு அகலமான கல்லில் சுற்றி ஊற்றி, மூடி வைப்பார்கள். திருப்பிப் போடுவது இல்லை. மேலே கண் கண்ணாக வெந்து வரும்.

அதன் மீதே பருப்பு, கீரை, கோழிக் குழம்பு எல்லாம் வைக்கப்படும். காரம் நம் ஊர்க் காரத்துக்கு இளைத்தது அல்ல. சைவக்காரர்களுக்கும் கவலை இல்லை. அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளில் இறைச்சி, முட்டை, பால் தொடாமல் விரதம் இருப்பவர்கள்.

ஊட்டி விடும் மரியாதை

கை கழுவி, வலது கையால் இஞ்சராவைப் பிய்த்து, குழம்போடு சேர்த்து எடுத்துச் சாப்பிட வேண்டும். அவரவர் பக்கத்தில் இருந்து எடுப்பதே முறை. நடுவில் ஒருவர், ஒரு கவளம் உருட்டிப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டி விடுவார்! இதற்குக் குர்ஷா என்று பெயர். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது.

"எச்சில் ஆயிற்றே!" என்று நம்மவர்கள் முகம் சுளிக்கலாம். தனித்தனி இலை போடுவது நமது பழக்கம். சுத்தத்துக்காக என்றால் அதில் தவறு இல்லை. ஆனால் நாம் இலையை மட்டுமா பிரித்தோம்? பந்தியையும் பிரித்தோம்! சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதை, 1924-25ல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்துப் போராடினார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது.

எத்தியோப்பியாவிலும் குறை உண்டு. காப்பிச் செடி விளைந்த காஃபா பகுதியில், மாஞ்சோ என்ற மக்களோடு மற்றவர்கள் சேர்ந்து உண்ணாத வழக்கம் இருந்து வந்தது. ஆகவே, தட்டு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றி உட்கார யாரை அழைக்கிறோம் என்பதே கேள்வி.

ஒரே வரிசை

தமிழ்நாட்டில் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25-ந் தேதி மாநிலம் முழுவதும் விரிந்தது. கிராமத்துப் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து உப்புமாவும் பொங்கலும் சாப்பிடுகிறார்கள். அதே 2023-ல், சமைப்பவரின் சாதியைப் பார்த்துப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோரும் இருந்தார்கள்!

பசித்த பிள்ளைக்குச் சாதி தெரியாது. பெரியவர்கள்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முன்பின் தெரியாத விருந்தாளிக்குக் கூட ஒரு நாட்டார் ஊட்டி விடுகிறார்கள். நாம் ஊட்டி விட வேண்டாம். பக்கத்து இலையில் யார் என்று கேட்காமல் சாப்பிட்டால் போதும்.