‘ஓம்’ என்றால் விளங்கிவிட்டதா?

போன மாதம் எங்களில் இரண்டு பேர் சபையிலுள்ள ஒரு அன்ரியோடு பார்மசிக்குப் போனோம். மருந்தாளர் பிரெஞ்சில் விறுவிறென்று சொல்லிக்கொண்டே போனார். அன்ரி “வீ, வீ” என்று தலையாட்டினார். நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே வந்ததும் அன்ரி கேட்டார்: “பிள்ளையள், இந்த ரெண்டு குளிசையையும் சேர்த்துப் போடலாமோ?” திரும்பிப் போய் விசாரித்தோம். சேர்த்துப் போடக்கூடாது என்பதைத்தான் அவர் இரண்டு தரம் சொன்னாராம்!

அன்ரி பொய் சொல்லவில்லை. நம்முடைய ‘ஓம்’, ‘ம்’ எல்லாம் பேசுகிறவருக்குக் கொடுக்கிற மரியாதை. “கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ” என்பதுதான் அதற்குப் பொருள். யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து ‘ம்’ கொட்டாமல் இருந்து பாருங்கள், “லைன் கட்டாயிட்டுதோ?” என்று கேட்பார்கள். ஆனால் மருந்தாளரின் காதில் “வீ” என்றால் விளங்கிவிட்டது என்றே விழும்.

ஸ்பானியம் பேசும் வகுப்புத் தோழர்களிடமும் இதே கதைதான். அவர்களுடைய ‘அஹா’ நம்முடைய ‘ம்’ மாதிரி. ‘க்ளாரோ’ என்றால் ‘அதுதானே’. உண்மையில் விளங்கினால் ‘என்தியெந்தோ’. மொன்றியல் பிரெஞ்சு இன்னும் வேடிக்கை. ‘செ போ’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அழகாயிருக்கிறது’. இங்கே பல நேரம் ‘சரி, விளங்கிவிட்டது’ என்பதற்கும் அதுதான்.

1977இல் வந்த 101ஆம் சட்டத்தால் நம்மில் அநேகர் பிரெஞ்சுப் பாடசாலையில் படித்தவர்கள். ஆகவே வீட்டுக்கு வீடு மொழிபெயர்ப்பாளர் நாம்தான். அம்மா அப்பாவுக்கு ஒரு வசனமாவது பழக்கிவிடுவோம்: “ஜே பா கொம்ப்ரி”, எனக்கு விளங்கவில்லை. அதைவிட நல்லது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது: “காலையில் இது, இரவில் அது, சரிதானே?” அப்போஸ்தலர் 8இல் வரும் எத்தியோப்பிய மந்திரி, ராணியின் பொக்கிஷத்துக்கே அதிகாரி. விளங்காததை பிலிப்புவிடம் ஒத்துக்கொள்ள அவருக்கு வெட்கம் வரவில்லை.

அன்ரியைச் சொல்கிறோம், நாங்கள் மட்டும் என்ன திறம்? அம்மம்மா ஊர்க்கதை சொல்லும்போது பாதித் தமிழ் விளங்காமலே “ஓம் அம்மம்மா” என்று தலையாட்டுகிறவர்கள் நாங்கள். போன ஞாயிறு எங்களில் ஒருத்தி துணிந்து, “விளங்கேல்லை அம்மம்மா, திரும்பச் சொல்லுங்கோ” என்றாள். அம்மம்மா கோபிக்கவில்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.