காயாத ரத்தம்

எங்க வடுகபட்டியில் ரத்தச் சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு போதும்; ஆரத்தி அப்படித்தான் சிவக்கிறது. 1960-ல் 'சைக்கோ' கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ஹிட்ச்காக்குக்குச் சாக்லேட் பாகே போதுமாயிருந்தது. செய்முறையோடு எனக்குச் சண்டையில்லை.

நம்ம அருவாள் படங்களோடுதான் சண்டை. சாயம் கலந்த சர்க்கரைப் பாகு உறைவதில்லை; கடைசிவரை செக்கச்செவேல் என்று மின்னுகிறது. நிஜ ரத்தம் சில நிமிடங்களில் உறையும். காயக் காய ஹீமோகுளோபின் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும். அந்தப் பழுப்பைத் திண்ணையிலிருந்து தேய்த்துக் கழுவுவது யார்? வெட்டுப்பட்டவனின் அம்மாவோ பொண்டாட்டியோதான். அவள் வாளியோடு வருவதற்குள் 'கட்' சொல்லிவிடுகிறீர்கள். மிச்சம் நிற்பது ஹீரோவின் கெத்து மட்டும். தேனிக்காரன் என்றதும் "அருவா வச்சிருக்கியா?" என்று ஆபீசில் என்னைக் கேட்கிறார்கள்.

சிந்துங்க சார், வேண்டாங்கல. ஆனா காயவும் விடுங்க.